பொச்சியா சரிவுப்பாதை: குழாயா, பலகையா, அலுமினியமா?

பொச்சியா என்பது பந்துகளை வெள்ளைக் குறிப்பந்துக்கு மிக அருகே சேர்க்கும் மாற்றுத்திறனாளர் விளையாட்டு. பந்தை எறியவோ உதைக்கவோ முடியாதவர்களுக்கான பிசி3 (BC3) என்ற போட்டிப் பிரிவினர் அதை ஆடுவது, பந்தை உருட்டிவிடும் சரிவுப்பாதையை வைத்துத்தான். மட்டக்களப்பில் ஒன்றைச் செய்விப்பதென்றால் மூன்று வழி இருக்கிறது. பந்தின் சுற்றளவு 270 மி.மீ., ஏறக்குறைய 8 மி.மீ. கூடிக் குறையலாம், விட்டம் 86 மி.மீ. அளவில் வரும். எடை 275 கிராம்.

மலிவானது பிவிசி குழாய். ஹாட்வெயார் கடையில் 110 மி.மீ. குழாய் வாங்கி நெடுக்கே இரண்டாகக் கிழித்தால் போதும். 90 மி.மீ. குழாய் வேண்டாம், பெரிய பந்து உரசி நின்றுவிடும். ஆனால் 110இல் வேறு தொல்லை: பந்து அடியில் ஒரே கோட்டில்தான் தொடுகிறது, ஆகவே இறங்கும்போது இடமும் வலமும் ஊசலாடும். வெளியேறும் இடத்தில் 1 பாகை பிசகினால் 8 மீற்றர் தூரத்தில் 14 செ.மீ. விலகல். வெள்ளைப் பந்தின் அருகே போட்டி நடக்கும் ஆட்டத்தில் அது தோல்விதான். வெயிலில் வைத்தால் குழாய் வளையும் என்பது இன்னொன்று. பழக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அலுமினியப் பட்டைகள் இரண்டைத் தண்டவாளம்போல் பொருத்துவதே எங்கள் தேர்வு. உள்விளிம்புகளுக்கு இடையே 50 மி.மீ. விட்டால் பந்து இரு கோடுகளில் அமர்ந்து நேராக ஓடும். பந்தின் அடிப்பாகம், அது அமரும் விளிம்புக்குக் கீழே 8 மி.மீ. தொங்கும். எனவே பாதையின் முனையில் விளிம்பு தரையிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும், பந்து துள்ளாமல் தரையைத் தொடும். இடைவெளி எங்கும் மாறக்கூடாது: அகன்ற இடத்தில் பந்து ஆழ இறங்கி வேகம் மாறும். 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கள். இரும்புத் திருகாணி மட்டக்களப்பின் கல்லடிக் கடற்காற்றில் துருப்பிடிக்கும். துருவேறாத எஃகுத் திருகாணியே சரி.

பிளைவுட் தச்சரிடம் எளிதில் முடியும். 4 மி.மீ. பலகையை அடிவளைவுக்கு (பாதை கீழே தரையோடு சேரும் வளைவு) ஏற்ப வளைத்து, மேலே 12 மி.மீ. கனமான இரு ரீப்பைகளை (நீள மரச்சட்டங்களை) அதே 50 மி.மீ. இடைவெளியில் ஒட்டினால் பந்து பலகையில் படாது. மென்மையான பந்து சற்று அமுங்குவதால் ரீப்பை மெலிந்தால் உரசும். மாரியில்தான் சிக்கல்: வார்னிஷ் படாத வெட்டு ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதும்.

எதைச் செய்தாலும் அடிவளைவை முறித்த கோணமாக விடாதீர்கள், பந்து அங்கே குதிக்கும். போட்டி விதிப்படி, பாதையைப் படுக்க வைத்தால் 2.5 மீற்றர் × 1 மீற்றர் கட்டத்துக்குள் அடங்கவேண்டும். பந்தைத் தள்ளும் பொறியோ குறிபார்க்கும் கருவியோ கூடாது. பந்தை விடும் கணத்தில் பாதை, வீரர் இருக்கும் கட்டத்தின் முன்கோட்டைத் தாண்டி நீளக்கூடாது. உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டியே இருப்பார். அதனால் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு எண் எழுதிவையுங்கள். வீரர் எண்ணைச் சொன்னால் உதவியாளர் பந்தை அந்த இடத்தில் வைக்கலாம். உயரம் இரட்டித்தால் ஓடும் தூரமும் ஏறத்தாழ இரட்டிக்கும். மணல் படிந்த சீமெந்துத் தரையில் இந்தக் கணக்கு பொய்க்கும், முதலில் கூட்டுங்கள்.