கம்பளத்தின் முதுகைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் வீட்டில் கூடம், சாப்பாட்டு மேசை, நான் வேலை செய்யும் மூலை எல்லாம் ஒரே வெளிதான். நடுவில் சுவர் கிடையாது. குடிவந்த நாளிலிருந்தே சோபா எங்கோ மிதப்பது போலவும், மேசையை யாரோ இறக்கி வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்தது போலவும் இருந்தது. சுவர் எழுப்பாமல் இடத்தைப் பிரிக்க வேண்டுமானால் தரைவிரிப்புதான் வழி என்று எல்லோரும் சொன்னார்கள். அது சரியான யோசனைதான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ஏமாந்தது விற்றவரிடம்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வீட்டுக்கே வந்து பார்த்து இலவசமாக அமைத்துத் தருவோம் என்றார்கள். வந்தவர் இனிக்க இனிக்கப் பேசினார். கையில் அளவு நாடா இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணாலேயே அளந்து, சோபாவுக்கு முன்னால் 5க்கு 8 அடி, மேசைக்கு அடியில் 6க்கு 9, மூலைக்கு ஒரு வட்டம் என்று முடித்துவிட்டார். "பெரியதாகப் போட்டால் இடம் சுருங்கித் தெரியும், மேடம்" என்றார். தலைகீழான பேச்சு. சுருக்கிக் காட்டுவது சிறிய விரிப்புதான்.

நாலு சுவருக்குள் இருக்கும் அறையில் இந்தத் தவறு ஓரளவு மறைந்துபோகும். திறந்த வீட்டில் வாசலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் விரிப்பு முழுதாகக் கண்ணில் படும். எங்கள் சோபாவின் ஒரு கால்கூட அதன் மேல் ஏறவில்லை. நடுவில் யாரோ கைக்குட்டையைத் தவறவிட்டது போல அது கிடந்தது. சோபா, நாற்காலிகளின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நின்றால்தான் அவை ஒரு கூட்டமாகத் தெரியும். அதற்கு எங்களுக்கு 8க்கு 10 வேண்டியிருந்தது.

மேசையின் கதை இன்னும் மோசம். மேசை 3க்கு 6 அடி. 6க்கு 9 விரிப்பைப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடிதான் மிஞ்சும். எழுவதற்கு நாற்காலியைப் பின்னால் தள்ளினால் அதன் பின்கால்கள் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கிவிடும். மறுபடி உள்ளே இழுத்தால் விளிம்பு மடங்கும். சுற்றிலும் 2 அடியாவது விட்டு, 7க்கு 10 எடுத்திருக்க வேண்டும். இது கூட்டல் கணக்கு, நிபுணத்துவம் அல்ல. தன்னிடம் தேங்கிக் கிடந்த அளவுகளை அவர் என் தலையில் கட்டினார் என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரே நிறத்தில் எடுத்த அந்த இரண்டு விரிப்புகளில் ஒன்று வெளிறியும் மற்றது கறுத்தும் தெரிந்தது. "வெளிச்சம் மேடம், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் தொலைபேசியில். கம்பளத்தின் மேல் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்வை நோக்கி நின்றால் ஒரு சாயல், எதிர்ப்பக்கம் நின்றால் இன்னொன்று. ஒன்றைத் தலைமாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அமைத்துத் தருகிறேன் என்று வந்தவருக்கு இது தெரியாதது வெட்கக்கேடு, அவ்வளவுதான்.

நிஜமான ஏமாற்று அடியில் இருந்தது. கம்பளியும் பட்டும் கலந்து கையால் முடிச்சிட்டது என்று சொல்லி விற்றார். சில மாதங்களிலேயே ரப்பர் வாடை அடித்தது. விரிப்பைத் தூக்கினால் தரையில் மாவு போலத் தூள். கம்பளம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மூலையைப் புரட்டி, பின்னால் ஒட்டியிருந்த துணியைத் தடவி, "முடிச்சிட்ட கம்பளத்துக்கு யாரம்மா பாவாடை கட்டினார்கள்?" என்று கேட்டார்.

முடிச்சிட்ட கம்பளத்தில் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். அதனால் பின்பக்கத்திலும் பூவேலை முழுதாகத் தெரியும், முடிச்சுகளை எண்ணிவிடலாம். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நுனியேதான். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். என்னிடம் வந்தது வேறு வகை. துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் நூலைக் குத்தி ஏற்றி, உதிராமலிருக்க லேடெக்ஸ் என்னும் ரப்பர் பசை பூசி, பசை தெரியாமலிருக்க இன்னொரு துணியால் மூடியது. அந்தப் பசை காய்ந்து உதிர்ந்ததுதான் தூள். அந்த வகையை மட்டம் என்று சொல்லவில்லை. தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்குபவர்கள் நிம்மதியாகப் பயன்படுத்தட்டும்.

"பட்டு" தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டது. ஒரு குவளை தண்ணீர் கவிழ்ந்தது, வெறும் தண்ணீர். உலர்ந்த இடம் விறைத்து மஞ்சளானது. ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சி காட்டினேன். பட்டோ கம்பளியோ ஆக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இது காகிதம் எரிவது போல நின்று எரிந்தது. விஸ்கோஸ்! மரக்கூழிலிருந்து செய்யும் இழை, ஈரம் பட்டால் வலுவிழந்துவிடும். கடைகளில் இதற்கு மூங்கில் பட்டு, வாழைப் பட்டு, ஆர்ட் சில்க் என்று விதவிதமான பெயர்கள். அந்த "ஆர்ட்" கலை அல்ல, ஆர்டிஃபிஷியல் என்பதன் வால் நறுக்கிய வடிவம்.

சண்டைக்குப் போனேன். ரசீதைக் காட்டினார்கள். வாய்ச்சொல் "கையால் முடிச்சிட்டது". ரசீதில் இருந்ததோ "கையால் செய்தது, பட்டு மெருகு". குத்தும் கருவியைக் கையில்தானே பிடிக்கிறார்கள்! எழுத்துப்படி பொய்யே இல்லை. கீழே பொடி எழுத்தில் "தனி ஆர்டர், திரும்பப் பெறப்படாது" என்ற வரி வேறு. 5க்கு 8ம் 6க்கு 9ம் எல்லாக் கடையிலும் தொங்கும் அளவுகள், அவை எப்படித் தனி ஆர்டர் ஆகும் என்று விடாமல் கேட்டதில், பிரிக்காமல் வைத்திருந்த வட்ட விரிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இலவசமாகக் கொடுத்த ரப்பர் அடிவிரிப்பு எங்கள் வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) தரையில் மஞ்சள் கறையை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. தேய்த்துப் பார்த்தாயிற்று, போகாது. உங்கள் தரையும் வினைல் என்றால் ரப்பரை நேரடியாக அதன் மேல் படவிடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் தரையில் டேப் ஒட்டி அளவைக் குறித்து, இரண்டு நாள் அதன் மேல் நடமாடிப் பாருங்கள். நாற்காலிகளை இழுத்துப் பாருங்கள், கதவைத் திறந்து பாருங்கள். கடையில் மூலையைப் புரட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். என்ன இழை, எத்தனை சதவீதம், முடிச்சா குத்தியதா என்பதை அதே சொற்களில் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் மேசைக்கு அடியில் இப்போது விரிப்பு இல்லை. கறையைச் சுற்றி நான் காலம் தாழ்ந்து ஒட்டிய 7க்கு 10 அடி டேப் மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.