பழைய கொரோலா 110 காருக்கு ஹை மைலேஜ் ஒயில் ஊத்திப் பாத்த கதை

மாமா போன வருஷம் திருகோணமலை உப்புவெளி வீட்டு முன்பக்கத்துக்கு வெள்ளை டைல்ஸ் போட்டார், அதுல இருந்துதான் எல்லாம் தொடங்கினது. அதுக்கு முந்தி நாங்க உவர்மலையில வாடகைக்கு இருந்த வீட்டில மண் முத்தம், கார் சொட்டுறதெல்லாம் மண் குடிச்சிடும், எனக்கும் தெரியாது மனிசிக்கும் தெரியாது. வெள்ளை டைல்ஸ்ல முதல் நாள் காலமை பாத்தா கறுப்பா ஒரு பெரிய வட்டம், சுத்தி சின்னன் சின்னனா பொட்டு. மாமா ஒண்டும் சொல்லேல்ல, ஒரு வாளித் தண்ணியும் சவர்க்காரத் தூளும் கொண்டு வந்து வைச்சிட்டு உள்ள போயிட்டார். அது பேசுறத விட மோசம்.

கார் டொயோட்டா கொரோலா 110, 1997ஆம் ஆண்டு, 5ஏ-எஃப்ஈ என்ஜின், 1500 சிசி. மீற்றர்ல 2 லட்சத்து 38 ஆயிரம் ஓடியிருக்கு, அது உண்மையான கணக்கோ எண்டு எனக்கு முந்தி வைச்சிருந்தவருக்குத்தான் வெளிச்சம். வித்துட்டு வேற எடுக்கலாமே எண்டு கேக்கிற ஆக்களுக்கு, 2020 மார்ச்ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திறந்தாங்க, திறந்து என்ன, வரியோட சேத்து விலையக் கேட்டா நெஞ்சு அடைக்குது. அதால இந்தக் காரத்தான் கட்டி அழவேணும்.

சரி, என்ஜின் ஒயில் ஒழுக்குக்கு எந்த ஒயில் நல்லம் எண்டு நான் ஏழெட்டு மாசமா பணம் குடுத்துப் படிச்சத எழுதுறன். நான் ஊத்தினதின்ட பிராண்ட் பேர் போடமாட்டன், ஏனெண்டா இதுல பிராண்ட விட வகைதான் விஷயம்.

முதல்ல செய்தது, ஒரு மலிபன் பிஸ்கட் மட்டைப்பெட்டிய விரிச்சு இரவு காருக்குக் கீழ போட்டது. காலமை எண்ணினா பதினொண்டு பன்னிரண்டு சொட்டு. இது எல்லாரும் செய்யவேணும், ஏனெண்டா ஏசித் தண்ணிய ஒயில் எண்டு நினைச்சுப் பயப்பிடுறவங்களும் இருக்கிறாங்க, கியர்பொக்ஸ்ல இருந்து சிவப்பா வாறத என்ஜின் ஒயில் எண்டு நினைக்கிறவங்களும் இருக்கிறாங்க. மட்டையில கறுப்பு, மண்ணிறம் எண்டா என்ஜின் ஒயில். எனக்கு அதோட ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் மட்டில குறையும், சைலன்சரால நீலப் புகை வரேல்ல, அப்ப எரியிறத விட ஒழுகுறதுதான் கூட.

நான் வழமையா ஊத்துறது 10-30. ஊர்க் கராஜ்ல எல்லாரும் சொல்ற மருந்து ஒண்டுதான், "தடிப்பா ஊத்து தம்பி, நிண்டிடும்". அப்பிடியே 20-50 மினரல் ஒயில் நாலு லீற்றர் கான் எடுத்து ஊத்தினன். இதுல ஒரு நியாயம் இருக்கு. பின்னுக்கு இருக்கிற நம்பர்தான் என்ஜின் சூட்டில ஒயில் எவ்வளவு தடிப்பு எண்டு சொல்றது, 100 பாகை செல்சியஸ்ல 30ஆம் நம்பர் ஒயில் 9.3ல இருந்து 12.5க்குள்ள, 50ஆம் நம்பர் 16.3க்கு மேல, சென்டிஸ்டோக்ஸ் எண்ட தடிப்பு அளவில. முன்னுக்கு இருக்கிற நம்பர் குளிருக்கு உள்ளது, திருகோணமலையில பனி கொட்டப் போறதில்ல, அதால 20 எண்டு பாத்துப் பயப்பிடத் தேவையில்ல. கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்தில மத்தியானம் பொனட்டில முட்டை பொரிக்கலாம், அந்த வெயிலுக்கு 20-50 பரவாயில்ல. சொட்டு ஏழு எட்டுக்கு இறங்கினது. ஆனா கார் கொஞ்சம் பாரமா இழுக்கிற மாதிரி இருந்தது, பெற்றோலும் ஒரு துளி கூடக் குடிச்ச மாதிரி, அது என்ட மனப்பிரமையாவும் இருக்கலாம். குறைஞ்சதே தவிர நிக்கேல்ல, மாமாவின்ட வாளியும் அதே இடத்திலதான்.

அடுத்தது நான் செய்த விசர் வேலை. கடையில ஒருத்தர் சின்ன டின் ஒண்ட எடுத்து நீட்டி, ஒயிலோட கலந்து விடுங்க, ஒழுக்கு ஒரு கிழமையில சரி எண்டார். கலந்தன். ஒரு மாசமா மட்டைய எண்ணினன், ஒரு வித்தியாசமும் இல்ல. காசு போனதுதான் மிச்சம், அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல மீன் வாங்கியிருக்கலாம். இன்னொரு கூட்டம் பிரேக் ஒயில் கொஞ்சம் என்ஜினுக்குள்ள விடு, ரப்பர் ஊதும் எண்டு சொல்லுது. தயவுசெய்து விட்டிடாதீங்க. ரப்பர் ஊதும்தான், ஊதிக் களியாப் போயிடும், பெயரிங் எல்லாத்துக்கும் ஒயில்தான் உயிர், அதுக்குள்ள அத ஊத்துறது தற்கொலை.

அதுக்குப் பிறகுதான் கனடாவில இருக்கிற மச்சான் வாட்ஸப்பில சொன்னது, அங்க எல்லாம் பழைய காருக்கு ஹை மைலேஜ் எண்டு தனியா ஒயில் இருக்கு எண்டு. தேடிப் பாத்தா புதுசு ஒண்டும் இல்ல, வல்வோலின்காரர் மாக்ஸ்லைஃப் எண்டு 2000ஆம் ஆண்டே கொண்டு வந்திட்டாங்க, கஸ்ட்ரோலிலயும் ஜிடிஎக்ஸ் ஹை மைலேஜ் எண்டு இருக்கு. கான்ல 75,000 மைலுக்கு மேல ஓடின வாகனம் எண்டு போட்டிருப்பாங்க, நம்ம கணக்கில 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீற்றர். இது எப்பிடி வேலை செய்யுதெண்டா, என்ஜின்ல இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் வருஷக் கணக்கா சூடு பட்டு இறுகிச் சுருங்கிடும், பழைய செருப்பு வார் மாதிரி. இந்த ஒயில்ல சேத்திருக்கிற சாமான் அந்த ரப்பருக்குள்ள ஊறி கொஞ்சம் மெதுமையாக்கி, கொஞ்சம் ஊத வைக்கும், அப்ப சீல் திரும்ப ஷாஃப்ட்ட வடிவா கவ்வும். ஊத்தின உடன நடக்காது, ஓட ஓடத்தான்.

திருகோணமலைக் கடைகள்ல கேட்டா "அப்பிடி ஒண்டு வரேல்ல" எண்டாங்க. சீனக்குடாவில 99 எண்ணெய்க் குதம், லங்கா ஐஓசிக்காரர் சேர்வோ ஒயில் கலக்கிறதும் அங்கதான், அப்பிடிப்பட்ட ஊர்ல இருந்து கொண்டு ஒரு கான் ஒயிலுக்குக் கொழும்புக்குச் சொல்லி விடுறன் எண்டு கூட்டாளிமார் நல்லா நக்கலடிச்சாங்க. 10-40ல கிடைச்சது. சாதாரண மினரல விட நல்லா விலை கூட.

ஊத்தி முதல் 500 கிலோமீற்றர் ஒண்டும் இல்ல, ஏமாந்திட்டன் எண்டுதான் நினைச்சன். கண்டிக்கு ஒருக்கா போய் வந்தன், போக மட்டும் 180 கிலோமீற்றர் மட்டில, சூடா ஓடின பிறகு கொஞ்சம் தெரியத் தொடங்கினது. 1500 தாண்ட மட்டையில ஒரு விசித்திரம் பாத்தன். பெல்ட் பக்கத்தில இருந்து விழுற சொட்டு, நாலைஞ்சு விழுற இடத்தில ஒண்டு, சில நாள் அதுவும் இல்ல. ஆனா பின்பக்கம் விழுற சொட்டு அப்பிடியே. ஒரே ஒயில், ஒரே என்ஜின், ஒரு பக்கம் கேக்குது மற்றப் பக்கம் கேக்குதில்ல.

அதுதான் ஏன் எண்டு பாக்க கராஜுக்குக் கொண்டு போனன். அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு அண்ணன், வயசு அறுபதுக்கு மேல, கதைக்கிறது குறைவு. என்ஜினக் கழுவிக் காய வைச்சு, முகத்துக்குப் பூசுற பவுடர் டின் ஒண்ட எடுத்து பின்பக்கம் முழுக்கத் தூவினார். "போய் நிலாவெளி மட்டும் ஓடிட்டு வாங்க" எண்டார். வந்து பொனட்டத் திறந்தா வெள்ளைப் பவுடர்ல ஒரு கறுப்புக் கோடு, என்ஜினுக்கு மேல மூடியிருக்கிற டப்பட் கவரின்ட மூலையில இருந்து கீழ இறங்கி வளைஞ்சு வளைஞ்சு போகுது, கண்ணீர் வடிஞ்ச மாதிரி. சொட்டு விழுற இடத்துக்கும் ஒழுகுற இடத்துக்கும் ஒரு முழம் தூரம்.

கவரக் கழட்டினா அதுக்குக் கீழ இருக்கிற ரப்பர் பெக்கிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, வளைக்கப் பாத்தா டக்கெண்டு முறிஞ்சது. பிளக் குழி நாலில ரெண்டுக்குள்ள ஒயில் நிக்குது. அவர் அதோட நிக்காம என்ஜினுக்குள்ள சேருற காத்த வெளிய விடுற பிசிவி வால்வ இழுத்து எடுத்து என்ட காதுக்குக் கிட்டக் கொண்டு வந்து ஆட்டினார். "சத்தம் கேக்குதோ?" இல்ல எண்டன். "கிலுகிலு எண்டு கேக்கவேணும் தம்பி. இது அடைபட்டுப் போச்சு. உள்ள இருக்கிற காத்துக்கு வெளிய போக வழியில்லாட்டி அது எங்கயாவது சீலத் தள்ளித்தானே போகும்? நீங்க எந்த ஒயில ஊத்தி என்ன."

பெக்கிங், பிளக் குழி சீல், பிசிவி வால்வ், கூலி எல்லாம் சேத்து நான் ஒயிலுக்கும் டின்னுக்கும் கொட்டின காச விடக் குறைவு. இதத்தான் முதல்ல செய்திருக்கவேணும், ஓம், தெரியும், மனிசியும் சொல்லிட்டா.

அப்ப ஹை மைலேஜ் ஒயில் பிரயோசனம் இல்லையா எண்டா, இருக்கு. பெல்ட் பக்கத்தில கிராங்க் ஷாஃப்ட்டச் சுத்தி இருக்கிற முன் சீல் மாத்திறது எண்டா டைமிங் பெல்ட் பக்கம் முழுக்கக் கழட்டவேணும், பின் சீல் எண்டா கியர்பொக்ஸயே இறக்கவேணும், கூலிதான் ஆளக் கொல்லும். அப்பிடி இடத்தில லேசா கசியிறதுக்கு இந்த ஒயில் காசு பெறும். ஆனா ஒயில் டைமிங் பெல்ட்டில படுற அளவு ஒழுகினா ஒயில நம்பி இருக்காதீங்க, பெல்ட் ஊறிக் கெட்டுப் போயிடும். முறிஞ்ச பெக்கிங்குக்கும், பழைய ஒயில் இறக்கிற ட்ரெயின் போல்ட்டின்ட தேஞ்ச வொஷருக்கும், உப்புக் காத்தில கறள் பிடிச்சு ஓட்டை விழுந்த சம்புக்கும் (என்ஜினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டு) எந்தக் கான்லயும் மருந்து இல்ல.

வாங்கேக்க மூடியின்ட சீல் உடையாம இருக்கா எண்டு பாருங்க, பின்பக்கம் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) தரம் போட்டிருக்கா எண்டும் பாருங்க. குறையுது எண்டு பயத்தில டிப்ஸ்டிக் மேல் கோட்டுக்கு மேல ஊத்தாதீங்க, நான் ஒருக்கா ஊத்தி ஒழுக்கக் கூட்டினன். அஞ்சுக்கு எத்தின எண்டா மூண்டரை குடுப்பன், அரைப் புள்ளி குறைச்சது விலைக்கு, மிச்சம் இங்க கிடைக்காததுக்கு.

இப்ப மட்டையில காலமைக்கு ஒரு சொட்டு, சில நாள் ரெண்டு. டைல்ஸ்ல அந்த முதல் வட்டம் மட்டும் என்ன போட்டும் போகுதில்ல, மாமா அதுக்கு மேல ஒரு குரோட்டன் சாடிய வைச்சிருக்கிறார், அதால எனக்கு கார் விடுற இடம் ஒரு அடி குறைஞ்சிட்டு.