குறுகிய பாதையில் இரவு ரயில்: நெடுக்குப் படுக்கையா, குறுக்குப் படுக்கையா?

நம் அகலப்பாதை ரயில்களின் ஸ்லீப்பர் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு இரண்டு வகைப் படுக்கைகள் பழக்கமானவை. ரயில் செல்லும் திசைக்குக் குறுக்கே மூன்றடுக்காக எதிரெதிரே ஆறு பெர்த்துகள் ஒரு வகை. நடைவழிக்கு அப்பால், சன்னலை ஒட்டி நெடுக்காக அமைந்த சைடு லோயரும் சைடு அப்பரும் மற்றொரு வகை. பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர் இருப்பதால்தான் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்குகின்றன. தண்டவாள இடைவெளி 1,067, 1,000, 914 மி.மீ. என்று குறையும் பாதைகளில் பெட்டியும் மெலிவதால், அங்கே வடிவமைப்பாளர் பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைக் கைவிட வேண்டியிருந்தது. உண்மையான ரயில்களிலும் மாதிரி ரயில்களிலும் இந்தத் தேர்வை ஒப்பிட்டுப் பார்த்தால், படுத்துறங்க ஏற்ற பெட்டி வேறு, மாதிரியாகச் செய்ய ஏற்ற பெட்டி வேறு என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

கணக்கு எளிதானது. ஒருவர் குறுக்கே நீட்டிப் படுக்க ஏறத்தாழ 1.9 மீட்டர் வேண்டும். நடைவழிக்குக் குறைந்தது 60 செ.மீ.; இருபுறச் சுவர்களின் கனத்தையும் சேர்த்தால் பெட்டியின் வெளியகலம் 2.7 மீட்டரை நெருங்கிவிடும். அதற்குக் குறைந்த பெட்டியில் நெடுக்குப் படுக்கையே வழி. ஆகவே படுக்கையின் திசையைத் தீர்மானிப்பது தண்டவாள இடைவெளி அன்று. அதன் மேல் எவ்வளவு அகலமான பெட்டியை ஓட்ட அந்தப் பாதையின் பாலங்களும் சுரங்கங்களும் நடைமேடைகளும் இடம் கொடுக்கின்றன என்பதுதான்.

அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, தேர்வுக்கே இடமில்லாத பாதை. ராக்கி மலைகளின் கூர்மையான வளைவுகளுக்காக 3 அடி இடைவெளியில் போடப்பட்ட அந்தப் பாதையின் பயணிகள் பெட்டிகள் சுமார் 8 அடி, அதாவது 2.44 மீட்டர் அகலமே கொண்டவை. 1880களில், படுக்கைப் பெட்டிகளுக்குப் பேர்போன புல்மேன் நிறுவனம் அதற்கென்று படுக்கைப் பெட்டிகளைக் கட்டியபோது, தன் பெரிய பெட்டிகளில் வழக்கமாக இருந்த நெடுக்கு அமைப்பையே இங்கும் சுருக்கிப் பொருத்தியது. நடுவே நடைவழி, இருபுறமும் பகலில் எதிரெதிர் இருக்கைகள், இரவில் அவை இணைந்து கீழ்ப்படுக்கையாகும், மேல்படுக்கை கூரையோரத்திலிருந்து கீழிறங்கும், திரை ஒன்று இரண்டையும் மறைக்கும். நடைவழி போக ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 80 செ.மீ. மட்டுமே எஞ்சும் என்பதால், பெரிய பெட்டிகளில் இருவர் படுக்கக்கூடிய கீழ்ப்படுக்கை இங்கே ஒருவருக்கே சரியாக இருந்திருக்கும். மார்ஷல் கணவாய் வழியாக யூட்டா வரை நீண்ட அந்தக் குறுகிய நெடும்பாதை 1883இல் இணைந்தது. 1890இல் டென்னசி கணவாய் வழியாகப் பொதுஅகலப் பாதை (1,435 மி.மீ.) வந்ததும் நெடுந்தூர இரவு ரயில்கள் அதற்கு மாறின.

தாய்லாந்தின் நிலை வேறு. அங்கு 1,000 மி.மீ. பாதையில் ஓடும் பெட்டிகள் ஏறத்தாழ 2.8 மீட்டர் அகலம் கொண்டவை. குறுக்குப் படுக்கையும் அடங்கும். முதல் வகுப்பின் இருவர் அறைகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகுப்புக்கு அவர்கள் விரும்பியே நெடுக்கு அமைப்பை வைத்திருக்கிறார்கள். மாலையில் பணியாளர் வந்து இருக்கைகளை இழுத்துச் சேர்த்து, மெத்தை விரித்து, திரை மாட்டிவிட்டுப் போவார். கீழ்ப்படுக்கை அகலமானது, சன்னலும் அதற்கே. மேல்படுக்கை குறுகலானது, கட்டணமும் குறைவு. 751 கி.மீ. தொலைவிலுள்ள சியாங் மாய்க்கு பாங்காக்கிலிருந்து போகிறவர்கள் கீழ்ப்படுக்கைக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் வியப்பில்லை. வியட்நாமோ அதே மீட்டர் பாதையில், ஹனோயிலிருந்து சைகோன் வரையிலான 1,726 கி.மீ. பயணத்துக்கு நான்கு பேர், ஆறு பேர் அறைகளாகக் குறுக்குப் படுக்கையைத் தேர்ந்தது.

இரண்டையும் ஒரே நாட்டில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் ஜப்பானைத்தான் பார்க்க வேண்டும். 1,067 மி.மீ. பாதையில் சுமார் 2.9 மீட்டர் அகலப் பெட்டிகளை ஓட்டும் அந்நாட்டில், 1958இல் டோக்கியோவுக்கும் ஹக்காத்தாவுக்கும் இடையே ‘அசாகாஸே’ ரயிலில் ஓடத் தொடங்கிய, ‘20 தொடர்’ எனப்படும் வகையைச் சேர்ந்த நீல நிறப் பெட்டிகள் குறுக்கே மூன்றடுக்குப் படுக்கைகளைக் கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அகலமும் 52 செ.மீ.; புரண்டு படுக்க இடமில்லை. 1967இல் வந்த ‘581 தொடர்’ மின்ரயில், பகலில் இருக்கை வண்டியாகவும் இரவில் படுக்கை வண்டியாகவும் ஓட வேண்டியிருந்ததால், நெடுக்கு அமைப்புக்குத் திரும்பியது. அதிலும் மூன்றடுக்கு என்பதுதான் அதன் துணிச்சல். நடுப்படுக்கையும் மேல்படுக்கையும் 70 செ.மீ. அகலம், எதிரெதிர் இருக்கைகள் சேர்ந்து உருவான கீழ்ப்படுக்கையோ 106 செ.மீ. விலையாகக் கொடுத்தது உயரத்தை: நடுப்படுக்கையில் நிமிர்ந்து உட்கார இயலாது. குறுக்கு அமைப்பும் பின்னர் தன்னைத் திருத்திக்கொண்டது. 1974 முதல் வந்த பெட்டிகளில் படுக்கைகள் இரண்டடுக்காகக் குறைந்து, அகலம் 70 செ.மீ. ஆனது.

உறங்குவதற்கு எது மேல் என்று கேட்டால், நெடுக்கு அமைப்பின் கீழ்ப்படுக்கை என்றே சொல்வேன். அகலமும் தனிச் சன்னலும் வேறெங்கும் ஒருவருக்குச் சேர்ந்து கிடைப்பதில்லை. ஆனால் அதன் மேல்படுக்கையைவிடக் குறுக்குப் படுக்கை எதுவானாலும் எனக்குச் சம்மதமே. குடும்பமாகப் போகிறவர்களுக்குக் குறுக்கு அமைப்பின் அறைகள்தான் பொருந்தும். நடைவழித் திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு மூலையாகக் குழந்தைகளைப் பிரித்துப் படுக்கவைக்க எந்தத் தாயும் விரும்பமாட்டாள்.

மாதிரி ரயில் கட்டுவோருக்கு முதலில் வேறொரு கணக்கு. குறுகிய பாதையின் தோற்றமே, மெல்லிய தண்டவாளத்தின் மேல் இருபுறமும் துருத்தி நிற்கும் பெட்டியில் இருக்கிறது. ஜப்பானியப் பெட்டியின் அகலம் தண்டவாள இடைவெளியைப் போல் 2.7 மடங்கு, அமெரிக்கப் பொதுஅகலப் பாதையில் இது 2.1 மடங்குதான். ஜப்பானில் மிகப் பரவலான 1:150 மாதிரிகள், அதாவது உண்மையில் 150இல் ஒரு பங்கு அளவுள்ளவை, 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதால், அந்த விகிதம் 2.15 ஆகச் சரிந்து, பெட்டி பொதுஅகலப் பாதை வண்டியைப் போலத் தோன்றும். 1:80 அளவில் 16.5 மி.மீ. தண்டவாளம் பயன்படுத்துவோருக்கும் இதே குறை. மாதிரி ரயில் தயாரிப்பாளர்களான கேட்டோ, டோமிக்ஸ் நிறுவனங்களின் நீல ரயில்கள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், நேர்முன்னே நின்று பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படும்.

நியூசிலாந்திலும் குவீன்ஸ்லாந்திலும் பலர் கையாளும் 1:64 அளவு இதற்கு நல்ல மாற்று. அதே 16.5 மி.மீ. தண்டவாளம் அந்த அளவில் 1,056 மி.மீ. ஆகிறது, உண்மையான 1,067 மி.மீ.க்கும் அதற்கும் 11 மி.மீ.தான் வேறுபாடு. 12 மி.மீ. தண்டவாளத்தில் 1:87 அளவைத் தேர்ந்தால் 1,044 மி.மீ. கிடைக்கும். மீட்டர் பாதைக்கும் 1,067 மி.மீ. பாதைக்கும் இடைப்பட்ட இந்த எண்ணில் ஒரு வசதி உண்டு. 1971 முதல் 1979 வரை ஆக்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் இடையே ஓடிய ‘சில்வர் ஸ்டார்’ ரயிலின் ஜப்பானியப் பெட்டிகள்தான், பின்னர் மீட்டர் பாதைக்கு மாற்றப்பட்டு, 1993இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸில் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே ஓடின. அந்தப் பெட்டிகளின் இரண்டு வாழ்க்கையையும் ஒரே தண்டவாளத்தில் காட்ட இந்த அளவே போதும். டென்வர் பாதைப் பெட்டிகளுக்கு நிலைமை தலைகீழ்: விலை குறைவாகக் கிடைக்கும் 1:48 அளவும் 16.5 மி.மீ. தண்டவாளமும் சேர்ந்தால் இடைவெளி 792 மி.மீ. ஆகச் சுருங்கி, பெட்டி இருப்பதைவிடப் பருத்துத் தெரியும்.

உட்புறத்தைப் பொறுத்தவரை குறுக்கு அமைப்பே வெல்கிறது. நெடுக்குப் பெட்டியை இரவு நிலையில் செய்தால் திரைகளும் இறக்கிய சன்னல் மறைப்புகளும் அன்றி வெளியிலிருந்து எதுவும் தெரியாது. பகல் நிலையில் செய்தால் அது வெறும் இருக்கைப் பெட்டி. குறுக்குப் பெட்டியின் ஒரு பக்கத்தில் நடைவழி நெடுக விளக்கொளியும், ஜப்பானியப் பெட்டிகளானால் சுவரோர மடக்கு இருக்கைகளும் தெரியும். மறுபக்கச் சன்னல்களில் அடுக்குகளின் விளிம்புகளும் ஏணிகளும் தெரியும். இதற்கு 1:64 அளவே ஏற்றது என்றாலும், 20 மீட்டர் பெட்டி ஒன்று அங்கே 31 செ.மீ. நீளம் பிடிப்பதால், ஏழு பெட்டிகள் கோத்தாலே இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். அறையின் ஒரு சுவர் மட்டுமே கிடைத்தவர், விகிதப் பிழையைப் பொறுத்துக்கொண்டு, பெட்டிக்கு 13 செ.மீ. மட்டுமே கேட்கும் 1:150 அளவுக்குப் போவதே நடைமுறைக்கு உகந்தது.