ஸ்மார்ட் பல்பா ஸ்மார்ட் சுவிட்சா, பாட்டி இருக்குற வீட்டுக்கு எது சரி?

எங்க வீடு மலேசியாவுல சுங்கை சிப்புட்ல, ரப்பர் தோட்டத்த விட்டு வந்தப்ப தாத்தா வாங்குன பழைய தாமான் (குடியிருப்பு) வீடு. பாட்டி லயத்துல ஜெனரேட்டர் கரண்ட்ட பாத்து வளந்தவங்க, ஆள் இல்லாத ரூம்ல லைட் எரிஞ்சா அவங்க கை தானா சுவிட்சுக்குப் போயிடும். நான் ஹால்ல வைஃபை பல்பு மாட்டி, ஆப்புல நேரமெல்லாம் செட் பண்ணி பெருமையா உக்காந்தேன், அரைமணி நேரத்துல டப்புன்னு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஆப்பத் தொறந்தா ஆஃப்லைன்.

ஸ்மார்ட் பல்போட மூளையும் ரேடியோவும் பல்புக்குள்ளயே இருக்கு, அதனால செவுத்துல சுவிட்ச அடைச்சா மூளைக்கும் சேத்து கரண்ட் போயிடுது, அப்புறம் ஃபோன்ல நீங்க என்ன தட்டினாலும் கேக்க ஆள் இல்ல. வைஃபைக்கு பதிலா ஜிக்பீன்னு வேற ரேடியோவுல பேசுற பல்புன்னா இன்னொரு தொல்லையும் இருக்கு, அது பக்கத்து பல்புக்கும் சிக்னல கடத்தி விடும், நடுவுல ஒன்ன அடைச்சா அதுக்கு அந்தப் பக்கம் இருக்குறதும் சில சமயம் தடுமாறும்.

சரி, அப்ப என்னென்ன வழி இருக்குன்னு பாப்போம். ஒன்னொன்னா எங்க வீட்டுல ஓட்டிப் பாத்ததுதான்.

முதல்ல எல்லாரும் பண்ற காரியம், சுவிட்சு மேல டேப் ஒட்டுறது. ஒட்டினேன். பாட்டி டேப்ப பிச்சுட்டு அடிச்சாங்க, எரியல, திரும்பத் திரும்ப அஞ்சாறு தடவ டக்கு டக்குன்னு அடிச்சதுல பல்பு சிமிட்ட ஆரம்பிச்சுடுச்சு, "டேய், பல்புக்கு வலிப்பு வந்துருச்சு பாரு"ன்னு கத்துறாங்க. வேற ஒன்னும் இல்ல, நெறைய வைஃபை பல்புங்கள வேகமா சில தடவ ஆன் ஆஃப் பண்ணா பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சு ஃபோனோட புதுசா இணைக்குற நெலைக்குப் போயிடும், அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. டேப் வழி தனியா இருக்குற பேச்சிலருக்கு சரி, குடும்பத்துக்கு ஆவாது.

அடுத்தது, சுவிட்ச ஆன்லயே விட்டுட்டு பக்கத்துல பேட்டரி ரிமோட் ஒட்டுறது. பிலிப்ஸோட ஹியூ ஸ்மார்ட் பல்புக்குன்னு டிம்மர் ரிமோட் இருக்குல்ல, அத பிரிட்ஜ்ங்குற நடுப்பெட்டி இல்லாமலே நேரா 10 ஹியூ பல்பு வரைக்கும் சேக்கலாம், வைஃபை செத்தாலும் வேல செய்யும். செவுத்த உடைக்க வேணாம், வயர்மேன் வேணாம், வாடகை வீட்டுக்கு இதுதான் வசதி. ஆனா பழைய சுவிட்சு அங்கயேதான இருக்கு, கை அதுக்குத்தான் முதல்ல போகும், அதனால அது மேல ஒரு மூடி போட்டு, அதுக்கு மேல ரிமோட்ட ஒட்டிடணும்.

அதே ஹியூல, இருக்குற சுவிட்சுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிற பேட்டரி மாடூலும் 2021ல வந்துச்சு. சுவிட்சுக்கு வர்ற லைவ் கம்பியயும் பல்புக்குப் போற கம்பியயும் வயர்மேன் உள்ளயே நிரந்தரமா சேத்துடுவாரு, சுவிட்சு வெறும் பட்டன் மாதிரி ஆயிடும், பேட்டரி 5 வருஷம் வரைக்கும் வரும்னு கம்பெனி கணக்கு. பாட்டிக்கு எதுவுமே மாறல, அதே சுவிட்சு, அதே டக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், ஆனா ஹியூ பல்பு வாங்குற காசுக்கு ஹால் ஃபேனே மாத்திடலாம்.

இன்னொரு பக்கம் என்ன சொல்றாங்கன்னா, பல்ப விடு, சுவிட்சயே ஸ்மார்ட் ஆக்கு. ஹால்ல நாலு டவுன்லைட் ஒரே சுவிட்சுலன்னா நாலு ஸ்மார்ட் பல்புக்கு பதிலா ஒரே சுவிட்சு, சாதா எல்இடியே போதும், கையாலயும் அடிக்கலாம் ஃபோன்லயும் அடிக்கலாம், ரெண்டும் சண்ட போடாது. கலர் மாத்துறது கெடையாது, அவ்வளவுதான் நஷ்டம்.

ஆனா சிக்கல் சுவிட்சு பெட்டிக்குள்ள இருக்கு. ஸ்மார்ட் சுவிட்சு எப்பவும் முழிச்சிருக்க, கரண்ட் கொண்டு வர்ற லைவ் கம்பியோட, கரண்ட் சுத்து முடிச்சுத் திரும்புற நியூட்ரல் கம்பியும் பெரும்பாலும் வேணும். இங்க பழைய வீடுங்கள்ல நியூட்ரல் பெரும்பாலும் சீலிங்கோட நின்னுடும், சுவிட்சுக்கு எறங்குறது லைவும், அங்கேருந்து பல்புக்குத் திரும்பிப் போற கம்பியும் மட்டும்தான். நான் பெட்டியத் தொறந்து சிவப்பு ஒன்னு கறுப்பு ஒன்னு பாத்துட்டு, ஆஹா கறுப்புன்னா நியூட்ரல்தானன்னு குதிச்சேன். எங்க வயர்மேன் அண்ணன் டெஸ்டர வச்சு சுவிட்ச ஆன் பண்ணிக் காட்டுனாரு, கறுப்புல 230 வோல்ட் ஓடுது, அது பல்புக்குத் திரும்பிப் போற லைவ். கலர நம்பி கை வைக்காதீங்க, சுருஹான்ஜாயா தெனாகாவுல (அரசாங்க எரிசக்தி ஆணையம்) பதிஞ்ச வயர்மேன கூப்புடுங்க, காசு போனா போவுது.

நியூட்ரல் வேணாம்னு விக்கிற ஸ்மார்ட் சுவிட்சும் இருக்கு. அது தன் வயித்துக்குத் தேவையான துளி கரண்ட பல்பு வழியாவே இழுக்குது, அதனால சின்ன வாட் எல்இடின்னா ஆஃப் பண்ண பின்னாடியும் மினுக்கு மினுக்குன்னு பேய் மாதிரி எரியும். பல்போட பக்கத்துல ஒரு குட்டி கப்பாசிட்டர் சேத்தா நிக்கும். அந்தச் சுவிட்சுக்குக் கீழ ஸ்மார்ட் பல்ப மட்டும் மாட்டிடாதீங்க, ரெண்டும் அடிச்சுக்கும்.

சுவிட்சுக்குப் பின்னாடி ஷெல்லி கம்பெனி விக்கிற மாதிரி குட்டி வைஃபை ரிலே (கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற கருவி) வச்சு, பல்புக்கு கரண்ட் எப்பவும் போற மாதிரி விட்டுட்டு சுவிட்சத் தட்டுனா சேதி மட்டும் போற மாதிரி பண்றதும் உண்டு. கேக்க நல்லா இருக்கு, ஆனா சாதாரணமா ரௌட்டர் படுத்தா செவுத்து சுவிட்சும் சேந்து படுத்துக்கும், பாட்டிக்கு யாரு பதில் சொல்றது?

நம்ம ஊரு இடி மழைய பத்தியும் சொல்லணும். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயி விடியக்காலை மூணு மணிக்குத் திரும்பி வந்துச்சு, ரூம்ல இருந்த ஸ்மார்ட் பல்பு எல்லாம் ஃபுல் வெளிச்சத்துல எரிஞ்சு வீடே முழிச்சுக்கிச்சு. ஆப்புல கரண்ட் வந்தா எப்படி எரியணும்னு ஒரு செட்டிங் இருக்கும், அத முன்ன இருந்த நெலைக்குன்னு மாத்தி வைங்க. சில மலிவு பல்புல அந்த செட்டிங்கே இருக்காது, வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க.

இப்ப எங்க வீட்டுல ஹாலும் அடுப்படியும் ஸ்மார்ட் சுவிட்சு, சாதா பல்பு. என் ரூம்ல மட்டும் கலர் பல்பு, சுவிட்சு மேல ரிமோட். சாமி ரூம்ல ஒன்னும் கெடையாது, பாட்டி விடல. நீங்க ரீவயரிங் பண்றதா இருந்தா எல்லா சுவிட்சு பெட்டிக்கும் நியூட்ரலுக்குன்னு நீலக் கம்பி ஒன்னு சேத்து இழுக்கச் சொல்லுங்க, பெட்டியும் ஆழமா வைக்கச் சொல்லுங்க. வயர்மேன் "எதுக்கு லா இது"ன்னு முனகுவாரு, ஒரு தே தாரேக் வாங்கிக் குடுத்து இழுக்க வச்சிருங்க.