விதி மாற வருஷத்துக்கு எத்தனை தேதி?

திருப்பூரில் நான் கணக்குப் பார்க்கும் நிட்டிங் கம்பெனியில், மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 500, 100, 50, 20, 10, 5. எல்லாம் கோடி. இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடியில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. மூன்று வருஷத்துக்குள் ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் முதலாளி மேசைக்கு வந்து, "ஏனுங்க, இப்ப நாமளும் உள்ள வந்துட்டமா?" என்று கேட்பார்.

1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 21வது பிரிவுப்படி, விதி போடுகிறவருக்கே அதைத் திருத்தவும் ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. எத்தனை தடவை என்று அதில் இல்லை. அதற்குக் கடிவாளம் எது?

நாடாளுமன்றம்தான் என்பது நம்மூர்ப் பதில். ஜிஎஸ்டி விதிகளை அவையில் 30 நாள் வைக்க வேண்டும். அவை மாற்றச் சொன்னாலும், அதுவரை நடந்தது செல்லும். விதியோ வைக்கும் முன்பே நம் பில்லில் ஏறியிருக்கும். அமெரிக்காவில் 1996 சட்டம் இதைவிடக் கெட்டி. அங்கே காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், நிராகரித்த விதியை, கிட்டத்தட்ட அதே வடிவில் துறை மறுபடி கொண்டுவர முடியாது. ஆனால் பெரும்பாலும் ஆட்சி மாறும்போதுதான் அந்த ஆயுதம் வெளியே வரும்.

'புது விதி ஒன்று போட்டால் பழையதில் இரண்டை எடு' என்று அங்கே 2017இல் டிரம்ப் போட்ட உத்தரவை பைடன் 2021இல் எடுத்துவிட்டார். அது எண்ணிக்கைக் கணக்கு. ஒரே விதியைப் பத்துத் தடவை திருத்தினால் அதற்கு என்ன வழி? ஆஸ்திரேலியாவில் பத்து வருஷத்தில் விதி தானாகக் காலாவதியாகும். அது பழைய விதிக்கு மருந்து, நம் தலைவலிக்கு அல்ல.

என் ஓட்டு பிரிட்டன் வழிக்கு. தொழில் சார்ந்த விதிகள் ஏப்ரல் 6, அக்டோபர் 1 என்று இரண்டே நாளில் அமலுக்கு வரட்டும் என்று அங்கே வழக்கமாக வைத்தார்கள். சட்டக் கட்டாயம் இல்லை, நாம் கட்டாயமாக்கலாம். டையிங் கேட்டில் துணி ஏற்றிய டெம்போ நிற்க, சாஃப்ட்வேர் புது கட்டத்தை நிரப்பச் சொல்லி சலானை மறுக்க, டிரைவர் இரண்டாவது டீ குடித்த நாளை நான் மறக்கவில்லை. தேதி தெரிந்திருந்தால் முந்தின வாரமே சரிசெய்திருப்பேன்.

ஆனால் இந்தத் தேதிப் பூட்டு இரண்டு பக்கமும் பூட்டும். 2021 நவம்பரில் துணிக்கு ஜிஎஸ்டி ஜனவரி 1 முதல் 5லிருந்து 12 சதவீதம் என்று நோட்டிபிகேஷன் வந்தது. டிசம்பர் 31 அன்றுதான் ஜிஎஸ்டி கவுன்சில் அதை நிறுத்திவைத்தது. இடையில் மாற்றவே கூடாது என்றிருந்தால் 12 கட்டியிருப்போம். அதனால் படிவம், வரம்பு, வரி ஏற்றம் எல்லாம் தேதிக்குக் காத்திருக்கட்டும், சலுகை எந்த நாளும் வரட்டும் என்றுதான் எழுத நினைத்தேன்.

அங்கேயும் ஒரு முடிச்சு. 2021இல் போட்ட 11 சதவீதப் பஞ்சு இறக்குமதி வரியை 2022 ஏப்ரலில் விலக்கினார்கள். விலக்கு முடிந்து வரி திரும்பியது. 2025 ஆகஸ்டில் மறுபடி விலக்கு, அதுவும் செப்டம்பர் வரை என்று சொல்லி டிசம்பர் வரை நீட்டினார்கள். கோயம்புத்தூர் மில்காரருக்கு அது சலுகை. பருத்தி எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு விற்கப் போகிற விவசாயிக்கு அதே நோட்டிபிகேஷன் விலை இறக்கம். அவரும் தேதி கேட்பார்தானே?