கலிபோர்னியா மாநிலச் சிறையில் தம்பியைப் பார்க்கப் போய்வருவது: படிவம், முன்பதிவு, உடை, வாசல்

என் சித்தி மகன் கலிபோர்னியாவில் ஒரு மாநிலச் சிறையில் இருக்கிறான். குடித்துவிட்டு ஓட்டிய கார், எதிரே வந்தவரின் உயிர், தண்டனை. வழக்கைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. சில வருடங்களாக அவனைப் பார்த்துவருகிறேன் என்பதால், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். விசாவுக்கும் வீட்டுக் கடனுக்கும் யோசனை சொல்ல நம்மவர்களில் நூறு பேர் கிடைப்பார்கள். இதற்கு ஒருவர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் வாய் திறக்கமாட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கைதான உடனே வைக்கும் இடம் கவுண்டி ஜெயில். அது அந்த மாவட்ட ஷெரிஃபின் கையில் இருப்பது. அதன் விதிகள் தனி. பல ஊர்களில் அங்கே திரை வழியாகத்தான் பார்க்க முடியும். ஃபெடரல் சிறை இன்னொரு உலகம். தண்டனை உறுதியாகி மாநிலச் சிறைத்துறைக்கு மாற்றியபின் நடப்பதைத்தான் இங்கே சொல்கிறேன், அதுவும் கலிபோர்னியாவில் மட்டும். மற்ற மாநிலங்களின் விதிகள் வேறு; டெக்சாஸில் வழக்கமான சந்திப்பு 2 மணி நேரம்தான். எனவே இதைப் படித்துவிட்டு வேறு மாநிலத்தில் போய் நிற்காதீர்கள்.

மாநிலச் சிறைக்குப் போனவுடன் நேராக ஓர் இடத்தில் அமர்த்திவிட மாட்டார்கள். முதலில் ரிசெப்ஷன் சென்டர். உடல்நிலை, மனநிலை, வழக்கின் தன்மை எல்லாம் பார்த்து எந்தச் சிறை என்று முடிவுசெய்வார்கள். அதுவரை கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நீங்கள், அந்தப்பக்கம் அவர், நடுவில் ஒரு டெலிபோன் ரிசீவர். அப்புறம் எங்கே போடுவார்கள் என்பது உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவாவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் குடும்பம் இருக்கும்; ஆளை ஆரிகன் எல்லையை ஒட்டிய பெலிக்கன் பே சிறைக்கு அனுப்புவதும் நடக்கிறது. எங்களுக்கு மத்தியப் பள்ளத்தாக்கு வாய்த்தது. பாதாம் தோப்பும் தூசியுமாக நீண்ட நெடுஞ்சாலை, ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

அடுத்தது படிவம் 106. பார்வையாளர் விண்ணப்பம். இங்கேதான் பலர் மாதக்கணக்கில் காத்திருந்து கடைசியில் சிறைத்துறையைத் திட்டுகிறார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். எங்களுக்கு நடந்த முறையில், உள்ளே இருப்பவர்தான் அதில் கையெழுத்துப் போட்டு நமக்குத் தபாலில் அனுப்பினார். நாம் நிரப்பி அந்தச் சிறையின் விசிட்டிங் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதல் ஆனதும் செய்தி அவருக்குத்தான் போகும், அவர்தான் நமக்குச் சொல்ல வேண்டும். மறுத்தால் மட்டும் காரணத்தோடு நம் வீட்டுக்குக் கடிதம் வரும். ஆக, தபால்பெட்டி காலியாக இருந்தால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

படிவத்தில் நம்முடைய பழைய கைது, வழக்கு எல்லாம் கேட்பார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நடந்து முடிந்துபோனதுதானே என்று விட்டுவிடக் கூடாது. பின்னணிச் சோதனையில் எப்படியும் தெரிந்துவிடும். ஒரு பழைய வழக்கு இருப்பதைவிட அதை எழுதாமல் விட்டதுதான் பெரும்பாலும் நிராகரிப்புக்குக் காரணமாகிறது. குழந்தைகளுக்குத் தனிப் படிவம் இல்லை, ஆனால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்பா அம்மா அல்லாத ஒருவர் குழந்தையைக் கூட்டிப்போனால் நோட்டரி கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். ஊரிலிருந்து வருபவர்களுக்கு பாஸ்போர்ட்டே அடையாள ஆவணம். சித்தி அப்படித்தான் வந்தார். விசா கிடைப்பதற்கு முன்பே அவருடைய படிவத்தை அனுப்பிவிட்டோம். வந்து இறங்கியபின் ஆரம்பித்திருந்தால் திரும்பிப் போகும் நாள் வந்திருக்கும்.

ஒப்புதல் கிடைத்தபின் முன்பதிவு. சனி, ஞாயிறு பொது. சில இடங்களில் வெள்ளிக்கிழமையும் இருக்கலாம். சிறைத்துறையின் முன்பதிவுத் தளத்தில் கணக்குத் திறந்து, உள்ளே இருப்பவரின் சிறை எண்ணைப் போட்டால் அவர் இருக்கும் யார்டுக்கு (சிறைக்குள் பிரித்து வைத்திருக்கும் பகுதிக்கு) உரிய நாள்களும் நேரங்களும் வரும். ஒரே சிறைக்குள் ஒவ்வொரு யார்டுக்கும் ஒவ்வொரு அட்டவணை இருக்கும். பக்கத்து யார்டுக்காரரின் மனைவி சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. ஒரு சந்திப்புக்குக் குழந்தைகளையும் சேர்த்து 5 பேர் வரை. காலை ஸ்லாட்தான் முதலில் தீரும். அன்னையர் தினம், கிறிஸ்துமஸ் வாரங்களில் எல்லாமே தீரும்.

தளம் எப்படி என்று கேட்டால், ரயில் டிக்கெட் போட்டுப் பழகிய கைகளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. குறை என்னவென்றால், உறுதிசெய்த மின்னஞ்சல் வந்துவிட்டாலும் சந்திப்பு உறுதி இல்லை. அடிதடி, பனிமூட்டம், தொற்றுநோய், ஆள் பற்றாக்குறை, எதற்கு வேண்டுமானாலும் யார்டை மூடிவிடுவார்கள். ரத்துச் செய்தி சில சமயம் வரும், சில சமயம் வாசலில்தான் தெரியும். கிளம்புமுன் அந்தச் சிறையின் விசிட்டிங் நிலவரம் பதிவாகும் பக்கத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது.

இனி உடை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசலோடு திரும்புகிறவர்களில் நிறையப் பேர் உடையால்தான் திரும்புகிறார்கள். கைதிகளின் உடை நீல டெனிமும் நீலச் சட்டையும். அதனால் நமக்கு நீல ஜீன்ஸ் கூடாது. காவலர்களின் சீருடையை ஒத்த பச்சைப் பேண்ட், பழுப்புச் சட்டை சேர்க்கை கூடாது. ஆரஞ்சு ஜம்ப்சூட், ராணுவ உடை மாதிரியான கேமஃப்ளாஜ் துணி கூடாது. உடல் தெரியும் மெல்லிய துணி, கையில்லாமல் தோள் முழுக்கத் தெரியும் மேலாடை, முழங்காலுக்கு 2 அங்குலத்துக்கு மேல் ஏறும் பாவாடை எதுவும் கூடாது. இடுப்பு தெரியக் கூடாது என்பதும் ஒரு விதி. அங்கேதான் புடவை மாட்டிக்கொள்கிறது.

சித்திக்கு இதைப் புரியவைக்க ஒரு முழு மாலை பிடித்தது. "அறுபத்து மூணு வயசுல என் இடுப்பை யாருடி பாக்கப் போறா?" என்றார். யாரும் பார்க்கப்போவதில்லைதான். ஆனால் விதியில் விலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை, வாசலில் அன்று யார் நிற்பார் என்பதும் தெரியாது. ஒருவர் சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார், இன்னொருவர் அளவுகோல் பார்வையோடு நிற்பார். கடைசியில் லூசான பருத்திச் சுடிதார், மெரூன் நிறம், துப்பட்டா இல்லாமல். துப்பட்டா இல்லாமல் பிள்ளையைப் பார்ப்பதா என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

மெட்டல் டிடெக்டர் இன்னொரு கதை. பெண்கள் கவனிக்க வேண்டியது: கம்பி வைத்த உள்ளாடை கண்டிப்பாகச் சத்தம் போடும். கழற்றிவிட்டு வரவும் முடியாது, உள்ளாடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கம்பியில்லாதது ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல், கொலுசு, ஹேர்பின் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காரில் ஒரு மாற்று உடை எப்போதும் இருக்க வேண்டும். சிறைகளுக்கு வெளியே பார்வையாளர் மையம் இருந்தால் அங்கே உடை இரவல் தருவார்கள், குழந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். என் கொள்கை எளிது: விதியின் ஓரத்தில் நிற்கவே கூடாது. முழங்கால் வரை போதும் என்றால் கணுக்கால் வரை போட்டுக்கொள். வாக்குவாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் அதற்குள் பார்க்கும் நேரம் போய்விட்டிருக்கும்.

கார் சிறை வளாகத்துக்குள் நுழைந்ததுமே சோதனைக்கு உட்பட்டது. டிக்கியில் பார்ட்டியில் மிஞ்சிய ஒயின் பாட்டில், மகன் வைத்துப்போன கஞ்சா மிட்டாய், இதெல்லாம் கலிபோர்னியாவில் வெளியே சட்டப்படி சரி; அங்கே சரியில்லை. சில நாள்களில் மோப்ப நாயும் வரும். சோதனைக்கு மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, மறுத்தால் அன்றைக்குச் சந்திப்பு கிடையாது. செல்பேசி காரிலேயே இருக்க வேண்டும். கையில் எடுத்துப்போவது உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அடையாள அட்டை, கார் சாவி, வெண்டிங் மெஷினுக்குப் பணம். சில சிறைகளில் சில்லறை, சிலவற்றில் அதற்கென்று ஒரு கார்டு. வீட்டுப் படங்கள் 10 வரை எடுத்துப்போகலாம். மருந்து என்றால் உயிர்காக்கும் மருந்துக்கு மட்டும் அனுமதி, அதுவும் மருத்துவர் கடிதத்தோடு. சித்தியின் பிரஷர் மாத்திரையைக் காரிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் வாசலில் ஓர் அறிவிப்பு உண்டு. கைதிகள் யாரையாவது பணயமாகப் பிடித்தால் அவரை மீட்பதற்காகக் கைதியை விடுவிக்கப் பேரம் பேசமாட்டோம் என்கிற அர்த்தத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். "என்னடி எழுதியிருக்கு?" என்று சித்தி கேட்டார். "அமைதியா இருக்கணுமாம் சித்தி" என்றேன்.

உள்ளே போனால் பள்ளி உணவுக்கூடம் போன்ற கூடம். தாழ்வான மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரமாக வெண்டிங் மெஷின்களும் இரண்டு மைக்ரோவேவும். வந்ததும் ஒருமுறை கட்டிக்கொள்ளலாம், கிளம்பும்போது ஒருமுறை. நடுவில் கை பிடித்துக்கொள்ளலாம். இரண்டு பேரின் கையும் மேசைமேல் தெரிய வேண்டும். நம்மூர் அம்மாக்கள் நடுநடுவே எழுந்து பிள்ளையின் தலையைத் தடவப் போவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் காவலர் சொல்வார், அது இன்னும் மோசம்.

கைதி பணத்தைத் தொடக் கூடாது, மெஷின் பக்கமும் போகக் கூடாது. தரையில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, மேல் வரிசையில மூணாவது. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று சொல்வான், நான் பட்டனை அமுக்க வேண்டும். சைவம் என்றால் பீன்ஸ் பரிட்டோ (பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டி), சிப்ஸ், ஐஸ்கிரீம், அவ்வளவுதான். உறைந்த பரிட்டோவை மைக்ரோவேவில் வைத்து எடுத்தால் ஓரம் கொதிக்கும், நடுவில் ஐஸாக இருக்கும். அதற்கு வரிசை வேறு. மெஷின் காலியாகும் முன் வாங்கிவிட வேண்டும் என்பதால் அனுபவசாலிகள் கட்டிப்பிடித்து முடித்ததும் நேராக அங்கேதான் போவார்கள். புதிதாக வருபவர்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். சிறை உணவையே வருடக்கணக்கில் தின்கிறவருக்கு அப்படித் தெரியாது.

போட்டோ எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவர் முன்னதாகவே டிக்கெட் வாங்கி வைத்திருக்க வேண்டும். எங்கள் இடத்தில் படம் எடுப்பவரும் ஒரு கைதிதான். பின்னணியில் கைதிகளே வரைந்த கடலும் தென்னையும். சித்தி அந்தப் படத்தை ஊரில் காட்டியபோது, கலிபோர்னியா கடற்கரை நன்றாக இருக்கிறதே என்றாராம் ஒரு பெரியம்மா. சித்தியும் மறுக்கவில்லை.

கூடம் நிரம்பிவிட்டால் முதலில் வந்தவர்களை அனுப்பத் தொடங்குவார்கள். 250 மைலுக்கு மேல் பயணம் செய்து, கடந்த 30 நாளில் வராதவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அப்படி வந்திருந்தால் உள்ளே நுழையும்போதே கவுண்டரில் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை ரத்துகளைப் பற்றித்தான். விடியற்காலை இருட்டில் கிளம்பி, வாசலில் லாக்டவுன் என்று கேட்டுத் திரும்பியிருக்கிறோம். யாரிடமும் கேட்க முடியாது. சிறைச் சந்திப்புகளுக்கு மிச்சிகன் மாநிலம் போட்ட கடுமையான கட்டுப்பாடுகள் செல்லும் என்று 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொல்லிவிட்டது. போதைப்பொருள் விதியை இரண்டு முறை மீறிய கைதிக்குக் வக்கீல், மதகுரு தவிர வேறு யாரையும் குறைந்தது 2 வருடம் பார்க்க முடியாது என்பதும் அந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்று. கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும் என்கிற மாதிரி விஷயமில்லை இது. வேடிக்கை என்னவென்றால், சந்திப்பால் நன்மை என்று சிறைத்துறைகளே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. மினசோட்டா சிறைத்துறை 16,420 பேரை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையாளர் வந்தவர்கள் மறுபடி குற்றத் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு என்று வந்தது. அடிக்கடி வந்தால் பலன் அதிகம் என்றும்.

போனைப் பொறுத்தவரை நிலைமை நன்றாகவே மாறிவிட்டது. 2023 ஜனவரி முதல் கலிபோர்னியா மாநிலச் சிறைகளிலிருந்து பேச கைதிக்கும் கட்டணமில்லை, நமக்கும் இல்லை. ஓர் அழைப்பு 15 நிமிடம், பதிவாகும், நடுவில் இன்னொருவரைக் கான்ஃபரன்ஸில் சேர்த்தால் துண்டித்துவிடுவார்கள். கோவிட் காலத்தில் தொடங்கிய வீடியோ சந்திப்பும் தொடர்கிறது, அதே தளத்தில் பதிவுசெய்யலாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் தம்பி எடை இழந்திருந்தது எங்களுக்கு நேரில்தான் தெரிந்தது. திரையில் கழுத்துக்கு மேல்தான் காட்டுவான்.

கடைசியாக, இடமாற்றம். முன்னறிவிப்பில்லாமல் வேறு சிறைக்கு மாற்றிவிடுவார்கள். போன் வராத இரண்டு மூன்று நாளில் பயந்துபோகாதீர்கள். சிறைத்துறைத் தளத்தில் பெயரோ எண்ணோ போட்டுத் தேடினால் எங்கே இருக்கிறார் என்று தெரியும். ஒருமுறை கிடைத்த ஒப்புதல் கலிபோர்னியாவின் மற்ற மாநிலச் சிறைகளுக்கும் செல்லும், படிவத்தை மறுபடி நிரப்பி அனுப்ப வேண்டாம். புதிய சிறையின் யார்டு அட்டவணையை மட்டும் முதலிலிருந்து பாருங்கள். வெண்டிங் மெஷினுக்குக் கார்டா சில்லறையா என்பதையும்.