அளவுக் கோடு போட்ட கோழித் தண்ணீர்க் குடுவை: வாங்கலாமா?

ஐந்துக்கு மூன்றரை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டேன், காரணம் கீழே. வீட்டுக் கோழிகள் எல்லாம் நன்றாகத் தின்று, முட்டையிட்டு, சுற்றிக்கொண்டிருந்தால் இந்தக் குடுவை தேவையே இல்லை, கவிழாத கனமான சட்டி ஒன்று போதும். ஆனால் "இந்த ஒரு கோழி மட்டும் ஏன் எப்போது பார்த்தாலும் தண்ணீர்ப் பக்கமே நிற்கிறது" என்று சந்தேகம் வந்துவிட்டால், சட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் செவலை என்கிற கோழி மேல் அந்தச் சந்தேகம் வந்தபோதுதான் இதை வாங்கினேன்.

பொருள் எளிமையானதுதான். மூன்று லிட்டர் பிடிக்கிற தெளிவான பிளாஸ்டிக் குடுவை, அடியில் திருகி மாட்டுகிற சிவப்புத் தட்டு, பக்கவாட்டில் நூறு மில்லிக்கு ஒரு கோடு. நிரப்பி, தட்டைத் திருகி, கவிழ்த்து வைத்தால் தட்டில் ஓரளவு தண்ணீர் நிற்கும், கோழி குடிக்கக் குடிக்க மேலிருந்து இறங்கும். காற்றழுத்தம் பார்த்துக்கொள்கிற வேலை, பழுதாக இதில் ஒன்றுமில்லை.

கோழி அதிகமாகக் குடிக்கிறது என்று சொல்ல, முதலில் எது சரியான அளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? முட்டையிடும் கோழி ஒன்று மிதமான வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 300 மி.லி. குடிக்கும். தின்கிற தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், அதில் தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். அதனால் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் குடிப்பது நன்றாகவே கூடும், இரண்டு மடங்கு ஆனாலும் அதிசயம் இல்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், முட்டை விடுகிற கோழி விடாத கோழியைவிட அதிகம் குடிக்கத்தான் செய்யும். ஆக வெயில் காலத்தில், முட்டை நாளில், அரை லிட்டர் காலியானால் பதற வேண்டாம். குளிர்ச்சியான நாளில், கூட இருக்கிற கோழிகள் வழக்கம்போல் இருக்க, ஒன்று மட்டும் அந்த அளவு குடித்தால் அப்போது யோசிக்கலாம்.

சரி, குடுவையில் கோடு இறங்கினால் அவ்வளவும் கோழி வயிற்றுக்குள் போனது என்று அர்த்தமா? இல்லை, இந்த விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோவார்கள், பொருளோடு வருகிற தாளிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோழி அலகை முக்கித் தலையை உதறும்போது தண்ணீர் தெறிக்கும், தட்டு தரையோடு இருந்தால் இன்னும் அதிகம். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வருகிற மாதிரி கல்லை வைத்து உயர்த்திவிட்டால் சிந்துவது வெகுவாகக் குறையும், குப்பையும் உள்ளே விழாது. தரை சாய்வாக இருந்தால் தட்டு நிரம்பி ஒரு பக்கமாக வழியும். எனக்கே வியப்பாக இருந்தது வெயில் விஷயம்: பாதி காலியான குடுவை வெயிலில் நின்றால் உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, கோழி பக்கமே வராமல் தட்டு வழிகிறது. நிழலில் வைப்பது இதனால் கட்டாயம்.

ஆவியாகிப் போவதைக் கணக்கில் எடுக்க அதே மாதிரி இன்னொரு குடுவையைக் கோழி எட்டாத இடத்தில், பக்கத்திலேயே வைத்தேன். அதில் குறைந்ததை இதில் கழித்தால் ஓரளவு உண்மையான கணக்கு. கோட்டைப் பார்த்துக் குறிப்பதைவிட, தட்டோடு சேர்த்துத் தராசில் நிறுத்துப் பார்ப்பது மேல், ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பதால் கணக்கும் சுலபம். அடியில் கடைசிக் கோட்டுக்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு அளவே போடவில்லை என்பது இந்தப் பொருளில் எனக்குள்ள பெரிய குறை. செவலையைத் தனியே வைத்தாக வேண்டும், ஆனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மற்ற கோழிகள் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். முழுக்கத் தனித்துவிட்டால் பதற்றத்தில் தீனியும் தண்ணீரும் மாறிப்போய் அளந்ததே பிரயோசனம் இல்லாமல் போகும்.

சிந்துவதைக் குறைத்த பிறகு கணக்கு இறங்கியது, ஆனாலும் மற்ற கோழிகளைவிட நன்றாக அதிகமாகவே இருந்தது. அப்புறம் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தேன். தீவனம் எல்லாக் கோழிக்கும் ஒரே மூட்டை, ஆகையால் தீவனத்தில் உப்பு கூடியிருந்தால் எல்லாமே குடித்திருக்கும். பூஞ்சை வாசனையும் இல்லை (பூஞ்சை நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும், அந்தக் கோழி நிறையக் குடித்து நிறையக் கழியும்). காலையில் கழுத்தடியில் தீவனம் தேங்குகிற தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன், இரவில் காலியாகியிருக்க வேண்டியது காலியாகவே இருந்தது. அது மெத்தென்று வீங்கிப் புளித்த நாற்றம் அடித்தால் வேறு கதை. வயிறு வீங்கி, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நடக்கவும் இல்லை. அப்படி நடந்தால் குடுவை, தராசு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

எச்சத்தைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். கெட்டியான உருண்டை, மேலே வெள்ளைத் தொப்பி, சுற்றிலும் தெளிந்த தண்ணீர் வட்டம் என்றால் அதிகமாகக் குடித்ததால் அதிகமாக வெளியேறுகிறது. உருண்டையே கரைந்து கழிச்சலாகப் போனால் குடலில் பிரச்சினை, உடலில் இழந்த தண்ணீரைத்தான் கோழி குடித்து ஈடுகட்டுகிறது, அப்போது குடற்புழுவும் ரத்தக் கழிச்சலும் முதல் சந்தேகம். நடுவில் அவ்வப்போது வருகிற பழுப்பு நிறப் பிசுபிசுப்பு எச்சத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பெருங்குடல் பைகளிலிருந்து வருவது, ஆரோக்கியமான கோழிக்கும் உண்டு. செவலைக்கு முதல் வகைதான்.

கடைசியில் பிடிபட்டது உப்பு. வேலி ஓரமாக மேய்கிற பழக்கம் இவளுக்கு மட்டும்தான், அந்தப் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை உப்பும் மிளகாயும் தூவிய தின்பண்டத்தை வேலி வழியாக நாள் தவறாமல் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் உப்பு அரை சதவீதம்கூட இருக்காது, மனிதர் தின்கிற நொறுக்குத்தீனி எங்கேயோ நிற்கிறது. உப்பு ஏறினால் சிறுநீரகம் அதை வெளியேற்றத் தண்ணீர் கேட்கும், கோழி குடிக்கும், அவ்வளவுதான் சங்கதி. ஊட்டுவது நின்றதும் குடுவைக் கணக்கு மற்ற கோழிகள் அளவுக்கு இறங்கியது. வெயிலுக்கென்று தண்ணீரில் கலக்கிற எலக்ட்ரோலைட் பொடியிலும் உப்புதான் இருக்கிறது, அதை மாதக்கணக்கில் கலந்துகொண்டு "ஏன் இவ்வளவு குடிக்கிறது" என்று கேட்கிற ஆட்கள் உண்டு. எது காரணமாக இருந்தாலும் தண்ணீரைக் குறைத்து வைத்து மட்டும் சோதிக்காதீர்கள், முட்டை நின்றுபோகும், சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல்.

உப்பு இல்லாமல் இதே மாதிரி குடித்திருந்தால் எனக்கு அடுத்த சந்தேகம் சிறுநீரகம்தான். அதைக் குடுவை சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். ஆனால் நாள்வாரியாக மில்லிக் கணக்கு எழுதிய தாளும், எச்சத்தின் போட்டோவும் கையில் இருந்தால் மருத்துவருக்கு வேலை பாதி குறையும்.

இனிப் பொருளின் குறைகள். தெளிவான பிளாஸ்டிக் என்பதால் வெளிச்சத்தில் பாசி வேகமாகப் பிடிக்கிறது, தினமும் தேய்க்காவிட்டால் உள்சுவர் வழவழப்பாகிவிடும், வாய் அகலமாக இருப்பதால் கை நுழைகிறது, அதற்கு மட்டும் பாராட்டு. திருகு மரை மெலிது, முழுக் குடுவையைக் கவிழ்க்கும்போது அழுத்தித் திருகினால் கீறல் விடும் போலிருக்கிறது. நிப்பிள் (அலகால் தட்டினால் சொட்டுகிற சின்னக் குழாய் முனை) வைத்த குடுவையும் பார்த்தேன், சிந்துவது குறைவு, சுத்தமும் அதிகம், ஆனால் தட்டில் குடித்துப் பழகிய கோழி அதைப் புரிந்துகொள்ளும் வரை குறைவாகவே குடிக்கும், நமக்கோ அளவு தெரிய வேண்டிய நேரம் அது. அளப்பதற்குத் தட்டு, நிரந்தரமாக வைக்க நிப்பிள் என்பது என் கணக்கு.

வாங்குகிறவர்கள் தட்டின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வளையம் இல்லாத மாடலும் விற்கிறது, அது ஒழுகினால் அளக்க வாங்கியதில் என்ன பயன்?